நடுக்கூடத்தை என்ன செய்வது? தங்குவிடுதிகளாகும் தேவாலயங்கள்

ஸ்காட்லாந்தின் வடபகுதிச் சிற்றூர்களில் ஒரே தெருவில் இரண்டு கல் தேவாலயங்கள் நிற்பது சாதாரணம். சில ஊர்களில் மூன்றுகூட உண்டு. ஊரில் இருப்பவர்களோ சில நூறு பேர். ஒன்றில் மட்டும் ஞாயிறு ஆராதனை நடக்கிறது. மற்றொன்று ஏதோ ஒரு குடும்பத்தின் வீடு. இன்னொன்றின் வாசலில் 'பி அண்ட் பி' என்ற பலகை தொங்குகிறது: இரவு தங்க ஓர் அறை, காலையில் வீட்டுக்காரர் சமைத்துத் தரும் சாப்பாடு. கூர்வளைவுச் சன்னலுக்கு அடியில் கட்டில், பிரசங்க மேடை இருந்த பக்கத்தில் சாப்பாட்டு மேசை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், நெதர்லாந்து, பெல்ஜியம் போன்ற நாடுகளிலும், அமெரிக்காவின் பழைய நகரங்களிலும் இப்படி மாறிய ஆலயங்கள் உண்டு.

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு முதலில் மனம் ஒப்பாது. ஞானஸ்நானமும் கல்யாணமும் அடக்க ஆராதனையும் நடந்த இடத்தில் காசு கொடுத்துத் தூங்குவதா? இந்தத் தயக்கம் நியாயமானது; அந்த நாட்டுக்காரர்கள் பலருக்கும் அது இருக்கிறது. ஆனால் தயக்கத்தோடு நின்றுவிட்டால், இத்தனை ஆலயங்கள் எப்படி மிஞ்சின, மிஞ்சியவற்றுக்கு வேறு என்ன கதி, விடுதியாகும்போது எது பிழைக்கிறது எது அழிகிறது என்பதெல்லாம் கண்ணில் படாமலே போய்விடும். இவற்றைச் சேர்த்துப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகியிருக்கிறது. ஓர் ஆலயத்தை விடுதியாக்கியது தகுமா தகாதா என்பதை, அதன் நடுக்கூடத்தை என்ன செய்தார்கள் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மிஞ்சிய கதையை முதலில் பார்ப்போம். மக்களுக்கு விசுவாசம் குறைந்தது, ஆலயங்கள் காலியாயின என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. தேவைக்கு மேல் கட்டினார்கள் என்பது மீதிப் பாதி. ஸ்காட்லாந்தில் அதற்கு நாள் குறித்தே சொல்லலாம்: 1843 மே 18. அன்று எடின்பரோவில் கூடிய ஸ்காட்லாந்து திருச்சபையின் பொதுப்பேரவையிலிருந்து தாமஸ் சால்மர்ஸ் முதலான போதகர்கள் எழுந்து வெளியேறினார்கள். ஊர்ச் சபைக்குப் போதகரை நியமிக்கும் உரிமை நிலக்கிழாருக்கா சபையாருக்கா என்பது பல ஆண்டுகளாகப் புகைந்துகொண்டிருந்த வழக்கு. சபை விவகாரத்தில் அரசும் நீதிமன்றமும் கை வைக்கக் கூடாது என்றவர்கள் சம்பளத்தையும் குடியிருந்த வீட்டையும் ஆலயத்தையும் விட்டுவிட்டு வந்து ஃப்ரீ சர்ச் என்ற தனிச் சபையைத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 1,200 போதகர்களில் 470 பேருக்கு மேல் வெளியேறினார்கள். சபையாரும் பெருந்திரளாகப் பின்தொடர்ந்தார்கள்.

வெளியே வந்தவர்களுக்குக் கூடி ஜெபிக்க இடம் வேண்டும். சில ஆண்டுகளுக்குள் 700க்கும் மேற்பட்ட ஆலயங்களை எழுப்பிவிட்டார்கள், பெரும்பாலும் விட்டு வந்த ஆலயத்தின் கண்ணெதிரிலேயே. நிலம் தர மறுத்த நிலக்கிழார்களும் இருந்தார்கள். மேற்குக் கரையோரம் ஸ்ட்ரோன்டியன் ஊரில் ஒரு முழம் நிலமும் கிடைக்காததால், சபையார் பணம் திரட்டி 1846இல் இரும்பில் ஒரு மிதக்கும் ஆலயம் செய்வித்து லாக் சூனார்ட் நீர்ப்பரப்பில் நங்கூரமிட்டு நிறுத்தினார்கள். நூறு பேர் ஏறினால் அது ஓர் அங்குலம் அமிழும், அதை வைத்தே கூட்டத்தைக் கணக்கிடுவார்கள் என்று அந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். இப்படிப் பிடிவாதத்தோடு எழுப்பியவை அந்த ஆலயங்கள். இன்று அவற்றில் சில விடுதிகளாக இருப்பதைப் பார்க்கும்போது இந்தப் பின்னணியை மறக்கக் கூடாது.

சென்னைக்கும் இந்தப் பிளவோடு தொடர்புண்டு. 1837இல் சென்னையில் பள்ளி தொடங்கிய ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன், 1843இல் ஃப்ரீ சர்ச் பக்கம் போனார். அவருடைய பள்ளியும் அந்தச் சபையின் பராமரிப்பில் வளர்ந்து பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியானது. எழும்பூரில் 1821 முதல் நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயமோ பழைய ஸ்காட்லாந்து திருச்சபையோடே இருந்தது. கடல் கடந்து சென்னையிலேயே இரண்டு முகாம் என்றால், ஸ்காட்லாந்தின் வடபகுதியான ஹைலண்ட்ஸின் ஊர்களில் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

பிறகு ஒட்டுதல் காலம் வந்தது. 1900இல் ஃப்ரீ சர்ச்சின் பெரும்பகுதி, தன்னையும் தாய்ச் சபையையும் போலவே பிரஸ்பிட்டேரியன் மரபைச் சேர்ந்த இன்னொரு சபையோடு இணைந்தது. 1929இல் அந்த இணைந்த சபையின் பெரும்பகுதி மீண்டும் தாய்ச் சபையான ஸ்காட்லாந்து திருச்சபையோடு சேர்ந்தது. மனிதர்கள் சேர்ந்துவிட்டார்கள், கட்டடங்கள் இரண்டு இரண்டாக நின்றன. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் சரியத் தொடங்குவதற்கு முன்பே, தேவையில்லாத ஆலயம் என்று ஒன்று ஊருக்கு ஊர் உருவாகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த சரிவு கடுமையானது. 1950களில் ஏறத்தாழ 13 லட்சம் உறுப்பினர்கள் இருந்த சபையில் இன்று 3 லட்சம் பேர்கூட இல்லை. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்து மக்களில் 51 சதவீதத்தினர் தங்களுக்கு மதம் இல்லை என்று பதிந்திருக்கிறார்கள்.

இங்கிலாந்துக் கதையின் போக்கும் இதை ஒட்டியதே. ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பாப்டிஸ்ட் என்று ஒவ்வொரு பிரிவும் 19ஆம் நூற்றாண்டில் ஊருக்கொரு ஆலயம் எழுப்பியது. 1851ஆம் ஆண்டு மார்ச் மாத ஞாயிறு ஒன்றில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழிபாட்டுக்கு வந்தவர்களை எண்ணியபோது, நாட்டின் இருக்கைகளில் பெரும்பகுதி காலியாக இருந்தது தெரியவந்தது. இதை வைத்து சமூகவியலாளர் ராபின் கில் 1993இல் ஒரு நூலே எழுதினார்: பிரிட்டனின் காலி ஆலயங்களுக்கு அவநம்பிக்கையைவிட, போட்டி போட்டுக் கட்டியதே முந்திய காரணம், பாதி நிறைந்த ஆலயமே வருகிறவர்களைச் சோர்வடையச் செய்து மேலும் காலியாக்கியது என்பது அவர் வாதம். எல்லா வட்டாரத்துக்கும் இது பொருந்துமா என்று வாதிடலாம். ஆனால் வேல்ஸின் பள்ளத்தாக்குகளில் சுரங்கக் குடியிருப்புகளுக்கு நடுவே அடுத்தடுத்து நிற்கும் சேப்பல்களை, அதாவது ஆங்கிலிக்கன் அல்லாத சபைகளின் ஆலயங்களை, பார்த்தவர்கள் அவர் பக்கமே சாய்வார்கள்.

இனி, விற்கலாமா என்ற கேள்வி. இதற்குச் சபைக்குச் சபை விடை வேறு. பிரஸ்பிட்டேரியன் நம்பிக்கைப்படி சபை என்பது கூடிவரும் மக்கள். கல்லும் காரையும் தன்னளவில் புனிதமானவை அல்ல. அதனால் ஸ்காட்லாந்து திருச்சபை தன் ஆலயங்களை மற்றச் சொத்துகளைப் போலவே விளம்பரம் செய்து விற்கிறது. மெத்தடிஸ்ட் சேப்பல்களும் அப்படியே, ஆனால் பத்திரத்தில் மதுவும் சூதாட்டமும் கூடாது என்ற நிபந்தனையைச் சேர்ப்பது வழக்கம். மது வேண்டாம் என்று உறுதிமொழி எடுத்த தலைமுறைகள் கட்டிய இடம் என்பதால் இதை நான் வெறும் சம்பிரதாயமாகக் கருதவில்லை.

ஆங்கிலிக்கன் சபையான இங்கிலாந்து திருச்சபையில் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதை மூட வேண்டுமானால் மறைமாவட்டம் முதல் திருச்சபை ஆணையம்வரை நீண்ட நடைமுறை உண்டு. வரைவுத் திட்டத்தைப் பொது அறிவிப்பாக வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்க இடம் தருகிறார்கள். வழக்கு பிரிவி கவுன்சில் என்ற மேல்முறையீட்டு மன்றம்வரைகூடப் போகலாம். 1969 முதல் ஏறத்தாழ 2,000 ஆலயங்கள் இப்படி மூடப்பட்டிருக்கின்றன. அவற்றில் மிகச் சிறந்தவற்றை ஒரு தனி அறக்கட்டளை பராமரிக்கிறது. அதன் வசம் இன்று 350க்கும் மேற்பட்ட ஆலயங்கள். மற்றவற்றுக்குப் பொருத்தமான வேறு பயன்பாடு தேடுகிறார்கள். கிடைக்காவிட்டால் இடிப்பதும் உண்டு.

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1222ஆம் பிரிவு, ஓர் ஆலயத்தை வழிபாட்டிலிருந்து விலக்கி, இழிவாக இல்லாத உலகியல் பயன்பாட்டுக்கு விட ஆயருக்கு அதிகாரம் தருகிறது. 1238ஆம் பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது: ஆலயம் உலகியல் பயன்பாட்டுக்குப் போனாலும் பலிபீடம் தன் புனிதத்தை இழப்பதில்லை. ஆகவே பீடத்தைப் பெயர்த்து எடுத்துவிட வேண்டும். 2018 நவம்பரில் ரோமில் இதற்கென்றே ஒரு மாநாடு கூட்டி வழிகாட்டு நெறிகளும் வகுத்தார்கள். விற்பதற்கு முன் சமூகப் பயன்பாடு, பண்பாட்டுப் பயன்பாடு ஆகியவற்றைத் தேடச் சொல்கிறது அந்த வழிகாட்டல். மக்களுக்குத் தங்க இடம் தருவது இழிவான பயனா? இல்லை என்றே நினைக்கிறேன். வருகிற விருந்தாளி எவரையும் கிறிஸ்துவாகவே எண்ணி வரவேற்கும்படி புனித பெனடிக்டின் துறவற ஒழுங்கு 53ஆம் அதிகாரத்தில் சொல்கிறது. வழிப்போக்கனுக்கு உணவும் படுக்கையும் தருவது கிறிஸ்தவ மதத்தின் ஆதி கடமைகளில் ஒன்று. ஆகவே விடுதி என்பதாலேயே அவமதிப்பு என்ற வாதம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. அவமதிப்பு நேர்கிறதென்றால் அது கட்டடத்துக்குள் செய்யும் வேலையில்தான் நேர்கிறது.

அந்த வேலையைச் சற்று விளக்க வேண்டும். ஆலயம் என்பது ஒரே பெரிய கூடம். விடுதிக்குத் தேவை பல சிறிய அறைகள், ஒவ்வொன்றுக்கும் குளியலறை, தண்ணீர், கழிவுக் குழாய், தீ வந்தால் தப்பும் வழி. இரண்டும் இயல்பிலேயே முரண். சன்னலின் அடிமட்டமே ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். அதனால் இரண்டாவது தளம் போடாமல் வெளிச்சமுள்ள அறை கிடைக்காது. தளம் போட்டாலோ சன்னல் நடுவில் அறுபடும். பிரஸ்பிட்டேரியன் ஆலயங்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பிரசங்கம் எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக மூன்று பக்கமும் குதிரைலாட வடிவில் மாடம் கட்டியிருப்பார்கள். அந்த மாடத்தை அறைகளாக்கிவிட்டால் நடுக்கூடம் கூரைவரை திறந்தே இருக்கும். நீண்டு ஒடுங்கிய இடைக்கால ஆங்கில ஆலயத்தில் அது முடியாது.

கல்லறைகள் இன்னொரு சிக்கல். இங்கிலாந்தில் பழைய ஊர் ஆலயங்களைச் சுற்றியும், பலவற்றில் தரைக்கு அடியிலும் கல்லறைகள் இருக்கும். மண்ணைத் தோண்டுவதானால் எச்சங்களை முறைப்படி எடுத்து வேறிடத்தில் அடக்க வேண்டும், அல்லது தொந்தரவு செய்வதில்லை என்று உறுதி தந்து விலக்கு ஆணை பெற வேண்டும். உறவினர்கள் கல்லறைக்கு வந்து போக வழிவிட வேண்டும். ஸ்காட்லாந்தில் பழைய ஊர் ஆலயத்தின் கல்லறைத் தோட்டம் பெரும்பாலும் உள்ளாட்சியிடம் இருக்கிறது; கட்டடத்தை வாங்கியவருக்கு வாசல்வரை மட்டுமே சொந்தம். 1843க்குப் பிறகு அவசரமாகக் கட்டிய ஃப்ரீ சர்ச் ஆலயங்கள் பலவற்றுக்கோ கல்லறைத் தோட்டமே கிடையாது. விடுதியாகவும் வீடாகவும் மாற்ற அவை வசதியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கூரையில் வௌவால் இருந்தால் வேலை நின்றுவிடும். பிரிட்டனில் எல்லா வௌவால் இனங்களுக்கும் 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் முதல் பாதுகாப்பு உண்டு. அனுமதி இல்லாமல் அவை தங்கும் இடத்தை அடைக்க முடியாது. குளிரை விரட்டுவது இதைவிடப் பெரிய செலவு. வாரத்தில் ஒருநாள், அதுவும் கோட்டும் தொப்பியுமாக வந்து உட்காருகிறவர்களுக்காகக் கட்டிய கல் சுவர்கள் அவை. சூடான காற்று கூரையடியில் போய் நின்றுகொள்ளும், தரையில் கால் விறைக்கும். தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் பதிப்பதுதான் ஓரளவு நல்ல வழி. அதற்குப் பழைய தளக்கற்களை எண் போட்டுப் பெயர்த்து எடுத்து, திரும்ப அதே வரிசையில் பதிக்க வேண்டும்.

ஹைலண்ட்ஸ் பகுதியில் நான் தங்கிய ஒரு முன்னாள் ஃப்ரீ சர்ச், இந்த நல்லது கெட்டது இரண்டையும் ஒன்றாகக் காட்டியது. பாதிக் கூடத்தைத் தடுத்து இரண்டு தளமாக்கியிருந்தார்கள். மறுபாதி கூரைவரை திறந்து கிடந்தது. என் அறை மேல்தளத்தில். சன்னலின் கூர்வளைவு மட்டும் அங்கே இருந்தது, முழங்கால் உயரத்தில் தொடங்கி. அதன் கீழ்ப்பகுதி கீழறைக்காரருக்கு. கண்ணாடியைத் தொடாமல் இருக்கத் தளத்தை ஒரு சாண் முன்பே நிறுத்தியிருந்தார்கள். கட்டடத்தை மதித்துச் செய்த வேலைதான். ஆனால் இரவில் கீழறையில் விளக்குப் போட்டால் அந்த இடுக்கு வழியாக வெளிச்சம் மேலேறி வந்து சன்னல் வளைவில் படிந்தது. கீழே ஒருவர் இருமினால் என் தலைமாட்டில் கேட்டது. பாதியாக நறுக்கப்பட்ட சன்னலுக்குப் பக்கத்தில் படுத்திருப்பது மனத்தை உறுத்தியது. நின்று அண்ணாந்து பார்ப்பதற்காகச் செய்த ஒன்றைக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

காலையில் கீழே வந்தபோது வேறு அனுபவம். திறந்து கிடந்த பாதிக் கூடத்தின் நடுவே ஒரே நீண்ட மேசை. பழைய பெஞ்சுப் பலகைகளைக் கொண்டு செய்தது. ஓரத்தில் பாட்டுப் புத்தகம் வைக்கும் பள்ளம் அப்படியே இருந்தது. பெஞ்சு முனைகளில் பித்தளை எண்களும் போகவில்லை. அந்தக் காலத்தில் குடும்பங்கள் தங்கள் பெஞ்சுக்கு வாடகை கட்டினார்கள்; சபையின் செலவுகளுக்கு அதிலிருந்தும் பணம் வந்தது. இடத்துக்குக் காசு வாங்குவது அந்தச் சுவர்களுக்குப் புதிதல்ல என்பதை அந்த எண்கள்தான் எனக்குச் சொல்லித்தந்தன. ஓட்ஸ் கஞ்சி, உருளைக்கிழங்கு ரொட்டி, வறுத்த காளான், விரும்பியவர்களுக்குப் பிளாக் புடிங் என்ற இரத்த சாசேஜ். தங்கியிருந்தவர்கள் எல்லோரும் ஒரே மேசையில்தான் உட்கார வேண்டும். ஓட்டலில் முகம் பார்க்காமல் சாப்பிட்டுப் போகிறவர்கள் இங்கே தட்டை நகர்த்தித் தந்து பேசத் தொடங்கினார்கள். தலைக்கு மேலே இருந்த அந்த உயரமும் வெறுமையும் பேச்சைத் தாழ்த்தி, ஆனால் நிறுத்தாமல் வைத்திருந்தன. கூடத்தைக் கூடமாகவே விட்ட பாதியில் ஆலயம் இன்னும் மக்களைக் கூட்டிக்கொண்டிருந்தது. தடுத்த பாதியில் சுவர் மட்டுமே மிச்சம்.

பெரிய அளவில் செய்தவற்றிலும் இதே வேறுபாட்டைக் காண்கிறேன். பெல்ஜியத்தின் மெக்கலன் நகரில் 1867இல் கட்டிய பிரான்சிஸ்கன் துறவிகளின் ஆலயம் 2009இல் ஓட்டலானது. தூண்களுக்கும் வளைவுகளுக்கும் நடுவே அறைகளைச் செருகியிருக்கிறார்கள். வண்ணக் கண்ணாடிச் சன்னல் ஒருவர் அறையில், தூணின் தலைப்பகுதி இன்னொருவர் அறையில். பீடம் இருந்த பகுதியில் காலை உணவு. படங்களில் மிக அழகாக வரும். ஆனால் அறைகள் புகுந்த அளவுக்கு அந்த ஆலயத்தின் முழு உயரத்தையும் நீளத்தையும் இனி ஒருவர் ஒரே பார்வையில் காண முடியாது. சன்னலை அலங்காரப் பொருளாக்கிவிட்டார்கள் என்பது என் குறை.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 2005இல் திறந்த குரூய்சேரன் ஓட்டல் வேறு வழியில் போனது. 15ஆம் நூற்றாண்டு மடாலயம் அது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் துறவிகள் வெளியேற்றப்பட்ட பின் படைக்கலக் கிடங்காகவும், பிறகு வேளாண் ஆய்வு நிலையமாகவும் இருந்தது. படுக்கையறைகளில் பெரும்பாலானவை துறவிகள் வாழ்ந்த மடாலயக் கட்டடத்தில்தான். ஆலயக் கூடத்தில் வரவேற்பிடமும் உணவிடமும் மட்டும். அங்கே ஓர் இடைத்தளம் உண்டு. ஆனால் அது பழைய கல்லில் சாயாமல், தன் எஃகுக் கால்களிலேயே நிற்கிறது. நாளைக்கே கழற்றி எடுத்துவிடலாம், சுவரில் தழும்பு இருக்காது. அதே நகரில், 1294இல் நேர்ந்தளிக்கப்பட்ட டொமினிக்கன் ஆலயத்தில் 2006இல் வைத்த புத்தகக்கடையும் இதே முறையில் தனித்து நிற்கும் எஃகு அடுக்குகளைக் கொண்டதுதான். அதற்குமுன் அந்த ஆலயம் சைக்கிள் நிறுத்துமிடமாக இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், பொருத்தமான பயன் கிடைப்பது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்று விளங்கும்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 1986இல் திறந்த பிரையரி ஓட்டலிலும், நியூ ஆர்லியன்ஸில் 2018இல் திறந்த பீட்டர் அண்ட் பால் ஓட்டலிலும் இதே புத்தி தெரிகிறது. முன்னதில் பெனடிக்டின் துறவிகளின் இல்லத்தில் அறைகள். பக்கத்து ஆலயம் விழாக்கூடம். இரண்டும் நெடுஞ்சாலைத் திட்டத்துக்காக இடிபடவிருந்து தப்பியவை. பின்னதில் பங்குப் பள்ளி, குருவானவர் வீடு, கன்னியர் மடம் ஆகியவற்றில் அறைகள். ஆலயம் கச்சேரிக்கும் கூட்டங்களுக்கும் கல்யாணங்களுக்கும் திறந்திருக்கிறது. ஆலயத்தைச் சுற்றி இப்படித் துணைக் கட்டடங்கள் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கிராமத்தில் தனியாக நிற்கும் ஆலயத்துக்கு அந்த வசதி இல்லை. அங்கேதான் நடுக்கூடத்தின் மேல் கத்தி விழுகிறது.

மாற்றவே மாற்றாமல் தங்கவைக்கும் வழியும் ஒன்று இருக்கிறது. மூடிய ஆங்கிலிக்கன் ஆலயங்களைப் பராமரிக்கும் அந்த அறக்கட்டளை, பத்தாண்டுகளுக்கு மேலாக 'சேம்பிங்' என்ற பெயரில் சில ஆலயங்களை இரவு தங்க வாடகைக்கு விடுகிறது. நார்தாம்டன்ஷயரில் ஆல்டுவிங்கிள் ஊரின் ஆல் செயின்ட்ஸ் ஆலயத்தில்தான் தொடங்கினார்கள். கவிஞர் ஜான் டிரைடன் பிறந்த ஊர் அது. வருகிறவர்களுக்கு மடக்குக் கட்டில், நாற்காலி, மின்கல விளக்கு, கெட்டில். சூடாக்கும் வசதி கிடையாது. பலவற்றில் குழாய்த் தண்ணீரும் கிடையாது. தண்ணீர் ஊற்றாத கழிப்பறைதான். அதனால் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் நிறுத்திவிடுகிறார்கள். வௌவால்கள் தலைக்கு மேலே பறக்கும். கூடத்தில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. அறக்கட்டளையிடமுள்ள ஆலயங்களில் பெரும்பாலானவை இன்னும் பிரதிஷ்டை நீங்காதவை. ஆண்டில் சில முறை ஆராதனையும் நடக்கிறது. கிடைக்கும் வாடகை கூரையைப் பழுதுபார்க்கப் போகிறது. இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் அறியேன். ஆனால் இது எல்லாவற்றுக்கும் தீர்வாகாது. பின்னால் ஓர் அறக்கட்டளையின் பணமும் ஆள்பலமும் இருந்தால்தான் இப்படி நடத்த முடியும். குளிர்கால வருமானமும் இல்லை.

வேல்ஸில் ஹே-ஆன்-வை ஊருக்கு அருகே மேசிரோனன் என்ற சேப்பலிலும் இதற்கு நெருங்கிய ஒன்றைக் காணலாம். 1690களில் எழுந்த, வேல்ஸின் மிகப் பழைய சேப்பல்களில் ஒன்று. ஒட்டியிருக்கும் சிறு வீட்டை, பழைய கட்டடங்களைக் காக்கும் லேண்ட்மார்க் டிரஸ்ட் அமைப்பு விடுமுறைக்கு வருவோருக்கு வாடகைக்கு விடுகிறது. சேப்பல் வழிபாட்டிடமாகவே நீடிக்கிறது.

விடுதியை எதிர்ப்பவர்கள் சொல்லும் வலுவான வாதம் வேறு. வழிபாட்டு இடம் இன்னொரு வழிபாட்டுச் சமூகத்துக்கே போகட்டும் என்கிறார்கள். லண்டன் பிரிக் லேனில் 1743இல் ஹியூகெனாட் என்ற பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட் அகதிகள் கட்டிய ஆலயம் பிறகு மெத்தடிஸ்ட் சேப்பலாகி, 1898இல் யூதத் தொழுகைக்கூடமாகி, 1976 முதல் மசூதியாக இருக்கிறது. ஈலிங்கில் ஈழத்தமிழர்கள் கூடும் ஸ்ரீ கனக துர்க்கை அம்மன் கோயிலும் முன்பு கிறிஸ்தவச் சேப்பலாக இருந்த கட்டடத்தில் இருப்பதுதான். தெருவின் பெயரே சேப்பல் ரோடு. ஆப்பிரிக்காவிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த கிறிஸ்தவச் சபைகள் நகரங்களில் இடம் தேடி அலைகின்றன. நகரத்தில் இந்த வாதத்தை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். ஜெபிக்க ஆட்கள் காத்திருக்கும் தெருவில் விடுதிக்கோ அடுக்குமாடிக் குடியிருப்புக்கோ விற்பது தவறு. ஆனால் புதிய சமூகங்கள் வாழ்வது லண்டனிலும் பர்மிங்காமிலும்; காலி ஆலயங்களில் பெரும்பகுதி நிற்பது ஆள் குறைந்த கிராமங்களில். அங்கே போட்டி வீட்டுக்கும் விடுதிக்கும் பாழுக்கும் நடுவேதான். வீடாகிவிட்டால் ஊரார் அந்த வாசலை இனி மிதிக்க முடியாது. விடுதியிலோ யார் வேண்டுமானாலும் மணியடித்து உள்ளே வரலாம். தாத்தா பாட்டி கல்யாணம் நடந்த இடத்தைப் பார்க்க வந்தவர்களை எந்த விடுதிக்காரரும் வாசலில் நிறுத்திவைப்பதில்லை. அதனால் கிராமத்தில் என் ஓட்டு விடுதிக்கே, நடுக்கூடம் திறந்திருக்கும் என்றால்.

இதில் ஒரு பலவீனம் இருப்பதையும் சொல்ல வேண்டும். பி அண்ட் பி என்பது பெரும்பாலும் ஒரு தம்பதியின் உழைப்பு. நகரத்து வேலையை விட்டுவிட்டு வந்து, சேமிப்பைக் கொட்டி, கூரையைப் பூசி, ஆண்டு முழுவதும் விடியற்காலையில் எழுந்து சமைத்து, படுக்கை விரித்து நடத்துகிறார்கள். வயதாகி முடியாமல் போகும்போது விற்கிறார்கள். வாங்குகிறவர் பலகையைக் கழற்றிவிட்டு வீடாக வைத்துக்கொள்வார்; மிச்சமிருந்த பாதிக் கூடத்தையும் தடுத்துக்கொள்ளலாம். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருந்தால் திட்ட அதிகாரிகள் தடுப்பார்கள். பட்டியலில் இல்லாத எளிய ஃப்ரீ சர்ச் ஆலயங்களின் உட்புறத்துக்குக் கேட்பாரில்லை.

இப்போது இதை அவசரமாகப் பேச வேண்டியிருக்கிறது. 2021இல் ஸ்காட்லாந்து திருச்சபையின் பொதுப்பேரவை இயற்றிய சட்டப்படி, ஒவ்வொரு வட்டாரமும் எந்தக் கட்டடத்தை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பட்டியல் போட்டு வருகிறது. நூற்றுக்கணக்கான ஆலயங்கள் சந்தைக்கு வருகின்றன. இங்கிலாந்தில் உள்ளதுபோன்ற பெரிய அறக்கட்டளை அங்கே இல்லை. 1996இல் தொடங்கிய ஒரு சிறிய அமைப்பிடம் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஆலயங்களே இருக்கின்றன. ஆனால் ஸ்காட்லாந்துச் சொத்துச் சட்டத்தில் ஒரு நல்ல கருவி இருக்கிறது. கட்டடத்தின் வரலாற்றுத் தன்மையைக் காக்கும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி, அதை நிறைவேற்றும் உரிமையை அங்கீகாரம் பெற்ற பாதுகாப்பு அமைப்பு ஒன்றிடம் கொடுத்துவிடலாம். கட்டடம் எத்தனை கை மாறினாலும் நிபந்தனை கூடவே போகும். திருச்சபை விற்கும்போது இதைச் செய்ய வேண்டும்: நடுக்கூடத்தைத் தரையிலிருந்து கூரைவரை தடுக்கக் கூடாது, உள்ளே வைப்பது எதுவானாலும் சுவரில் சாயாமல் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். ஆண்டில் சில நாட்களாவது ஊராருக்குத் திறந்துவிடுவதாக ஓர் ஒப்பந்தமும் கூடவே எழுதிக்கொள்ளலாம். விலை சற்றுக் குறையும். சபையார் திரட்டிய காசில் கட்டிய இடத்தை விற்கும் சபை, அந்தக் குறைவைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.